பதினேழாம் பெட்டி

மஞ்சள் தேனீ என்று யாராவது பேச்செடுத்தாலே ஸ்ரேச்கோவின் முகம் சுருங்கிவிடும். ஸ்லோவேனியாவின் அந்த மலைப்பக்கத்துத் தேனீ சாம்பல் நிறம். வயிற்றில் மஞ்சள் பட்டை விழுந்தால் கலப்பு. ராணித் தேனீக்களை வளர்த்து விற்க உரிமம் வாங்கியவர் அவர், தேனீ வளர்ப்போர் சங்கத் தலைவர் வேறு. பக்கத்து வீட்டு லாடோவின் மஞ்சள் தேனீக்களைக் கிண்டலடித்தே போன குளிர்காலத்தை ஓட்டினார்.

ஆண்டு ஆய்வுக்கு முந்தைய மாலை, மூன்று மாதமாகத் தொடாமல் விட்டிருந்த பதினேழாம் பெட்டியைத் திறந்தார். தேனடைச் சட்டம் ஒவ்வொன்றிலும் மஞ்சள் பட்டைத் தேனீக்கள். அந்தப் பெட்டியின் புது ராணி பறந்துபோய் லாடோவின் ஆண் தேனீயோடு கூடிவிட்டு வந்திருந்தது. அந்தரத்தில் நடக்கும் கல்யாணத்தைச் சங்கத் தலைவர் எப்படித் தடுப்பார்?

விடிந்தும் விடியாமலும் அந்தப் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தோட்டத்துக் கடைசியிலிருந்த கோழிக்கூண்டுக்குள் ஒளித்தார். தேனீக் கொட்டகையில் காலியான இடத்தில் வெறும் பெட்டி ஒன்றைச் செருகி வாசலை அடைத்தார்.

"ஆய்வுக்கு வர்ற டாக்டரம்மாகிட்ட உள்ளதச் சொல்லிட்டுப் போங்களேன்," என்றாள் மனைவி யுஸ்தீனா.

"உரிமம் போச்சுன்னா நீயா சோறு போடுவ? கோழியப் பாரு. தேனீ என் பாடு."

பத்து மணிக்கு ஆய்வாளர் டாக்டர் ஸ்லாபெர்னிக் வந்தார். வெறும் பெட்டியை விட்டு மற்றப் பதினாறையும் கொட்டகைக்குள் பின்பக்கமிருந்து திறந்து, சட்டங்களை முகர்ந்தார். புழுக்களைக் குச்சியால் கிளறினார்.

"நோய் நொடி ஒண்ணுமில்ல. அருமையா வச்சிருக்கீங்க."

ஸ்ரேச்கோவுக்குத் தலைகால் புரியவில்லை. தேன் பிராந்தியை ஊற்றிக்கொண்டே முன்பக்கம் அழைத்துப் போனார்.

அந்த ஊரில் பெட்டி முகப்புகளில் படம் வரைவது வழக்கம். பதினேழாம் பெட்டியின் முகப்பில், பெண்ணின் நாக்கைச் சாணை பிடிக்கும் பிசாசுப் படம் ஒன்று உண்டு. இப்போது பிசாசையும் காணோம், நாக்கையும் காணோம். காலையில் பூவுக்குப் போன தேனீக்கள் திரும்பி வந்து அடைத்த வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அத்தனையும் மஞ்சள்.

"இதுங்களோட பெட்டி எங்க?" என்றார் டாக்டர்.

"எந்தப் பெட்டிங்க?"

"கோழிக்கூண்டுல இருக்கு டாக்டரம்மா," என்றாள் யுஸ்தீனா. "பெட்டியக் கிட்டத்துலயே நகத்தினா தேனீ பழைய இடத்துக்கே வந்துரும்னு சங்கத்துச் சனிக்கிழமை வகுப்புல கத்திக் கத்திச் சொல்லுவாரு. கேட்டுக் கேட்டு எனக்கே பாடம் ஆயிருச்சு."

டாக்டர் பேனாவை எடுத்தார்.

"மஞ்சளுக்காக யாரு உரிமத்தப் புடுங்கப் போறா? ராணிய மாத்துங்கன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிருப்பேன். ஆய்வு நாள்ல பெட்டிய ஒளிச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் ஒரு வருஷம் ராணி விக்கக் கூடாது."

அவர் போனதும் ஸ்ரேச்கோ கோழிக்கூண்டிலிருந்து பெட்டியை வெளியே இழுத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் லாடோ எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தான்.

"மாப்பிள்ளை எங்க வீட்டுப் பையனாமே? ஒரு கை குடுக்கட்டுமா, சம்பந்தி?"

பெட்டி கனமாகத்தான் இருந்தது. ஸ்ரேச்கோ ஒரு பக்கத்தை அவனிடம் விட்டார்.