பதினான்காம் எபிசோடில் ஒரு வரி

தாய்லாந்து நாடகம் ஒன்றில், படுக்கையில் கிடக்கும் ஒரு அம்மாவின் வாயில் அவள் சொல்லாத வார்த்தையைப் போட்டவள் நான்தான். யாரும் கேட்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. என் கொழுப்பு, அவ்வளவுதான். அந்த வரியை எடுக்க வைக்காமல் ஓயப்போவதில்லை என்று இப்போது நிற்பவளும் நான்தான்.

நாடகத்தின் பெயர் ‘படகுக்காரி மகள்’. பதினாறு எபிசோடு. ஆற்றங்கரையில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ப்ளோய் என்ற பெண், கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் மறந்துகொண்டே வரும் அவளுடைய அம்மா. நடுவில் லட்சணமான ஒரு டாக்டர் ப்ளோயையே சுற்றிச் சுற்றி வருவான். அவனுக்காகப் பார்க்க ஆரம்பித்து அம்மாவுக்காக உட்கார்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். இந்தியாவில் அது முறையாக வெளியாகவில்லை. எவனோ திருடி ஏற்றிய காப்பி ஆங்கில சப்டைட்டிலோடு கிடைத்தது. அதை இறக்கி, தமிழில் சப்டைட்டில் எழுதி, ‘காவேரி சப்ஸ்’ என்ற என் சானலில் போட்டுவிடுவேன். பதினோராயிரம் பேர் இருந்தார்கள். புதன்கிழமை கொஞ்சம் தாமதமானால் போதும், “அட்மின் உயிரோட இருக்கீங்களா?” என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் மதுசூதன் இதைத் திருட்டு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் விடவில்லை. “யாராத்து உண்டியலை உடைச்சேன்? காசு கொடுத்து வாங்க இங்க கடையே இல்லையே!” என்று சண்டை போட்டேன். ஸ்ரீரங்கத்தில் வெள்ளை கோபுரத்துப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டில், காலை ஐந்து மணிக்கு எழுந்து, காபி ஆறுவது தெரியாமல் ஏழு மணிவரைக்கும் எழுதுவேன். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டிப் புத்தூருக்கு. அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரி அடிக்கிற வேலை எனக்கு.

அந்த சானல் என்னுடையது என்று ஆஸ்பத்திரியில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். மருந்துக் கவுன்ட்டரில் இருக்கும் ஜெஸிமா. என்னைவிட எட்டு வயது சின்னவள், பாலக்கரையிலிருந்து வருகிறவள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, “அக்கா, நீங்களா அது!” என்று கத்தி, கேன்டீனையே திரும்பிப் பார்க்க வைத்தாள். தமிழ் மீடியத்தில் படித்தவள். ஆங்கில எழுத்து வந்து மறைவதற்குள் பாதிதான் பிடிபடும் என்பாள். நான் தமிழில் எழுதினால்தான் அவளுக்கு நாடகம்.

அவளுக்கு ஒரு குறை இருந்தது. போன வருடம் அவள் அம்மா இறந்துபோனார். ப்ளோயின் அம்மா மாதிரியே மறதி. கடைசி மூன்று வாரம் ஜெஸிமா லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். “அன்னைக்குக் காலையில என் கையைப் பிடிச்சு என்னமோ சொன்னாங்கக்கா. எனக்குத்தான் புரியாமப் போச்சு” என்று என்னிடம் நாலைந்து முறையாவது சொல்லியிருப்பாள். சொல்லும்போதெல்லாம் வேறு பக்கம் பார்ப்பாள்.

பதினான்காம் எபிசோடில் ப்ளோயின் அம்மா படுத்த படுக்கையாகிவிடுகிறாள். ப்ளோய் முகம் துடைத்துவிடும்போது அம்மா அவளைப் பார்த்து ஏதோ முணுமுணுக்கிறாள். நான்கு வினாடி. வடக்குத் தாய்லாந்துப் பேச்சு போலிருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதியவனுக்கே புரியவில்லை. ‘முணுமுணுக்கிறாள்’ என்று மட்டும் போட்டு நகர்ந்துவிட்டான். என்னால் நகர முடியவில்லை. பதினாலு வாரம் காத்திருந்தவர்களுக்கு ‘முணுமுணுக்கிறாள்’ என்றா கொடுப்பது? கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு எழுதினேன்: “உன்னால எனக்கு ஒரு குறையும் இல்லடா கண்ணு.”

அந்த எபிசோடுக்கு வந்த அழுகைப் பொம்மைகளை எண்ணி மாளவில்லை. நான்கு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன். ஆனால் எபிசோடு போட்ட மறுநாள் காலையே ஜெஸிமா கண் வீங்கி வந்து நின்றிருந்தாள்.

“எங்கம்மாவும் இதைத்தாங்கா சொல்லியிருப்பாங்க. இல்ல?”

“ஆமா ஜெஸிமா. இதைத்தான் சொல்லியிருப்பாங்க” என்றேன். வரியை எழுதியது திமிர் என்றால் இது கோழைத்தனம். அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஜூன் மாதம் நாடகம் இந்தியாவில் முறையாக வந்தது. சந்தா கட்டினால் பார்க்கலாம், தமிழ் சப்டைட்டிலும் உண்டு. நாடகத்தின் கதையை எழுதிய பெண்மணி தன் பக்கத்தில் நாலு வரி போட்டிருந்தார். இரண்டாம் பாகம் எடுப்பதா வேண்டாமா என்பது முறையாகப் பார்க்கிறவர்களின் கணக்கை வைத்துத்தான், திருட்டுக் காப்பியில் அழுகிறவர்களின் கண்ணீர் எங்களுக்கு வந்து சேருவதில்லை என்று. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளினேன். ஜெஸிமா தள்ளவில்லை. அன்றைக்கே ஒரு வருடத்துக்குக் கட்டிவிட்டாள்.

“எதுக்குடி இப்ப? எல்லாத்தையும்தான் பாத்தாச்சே” என்றேன்.

“ஓசியில பாத்து ஒப்பாரியே வச்சாச்சுக்கா. அந்த அழுகைக்காவது நியாயமா காசு கட்டணும்ல? அதுவும் அந்தப் பதினாலாவது எபிசோடைத் திருட்டுல பாத்தது மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு.”

மறுநாள் கேன்டீனில் சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் இயர்போனை மாட்டிக்கொண்டோம். பதினான்காம் எபிசோடைத்தான் திறந்தாள். படம் பளிச்சென்று இருந்தது. முதல் காட்சியிலேயே பக்கத்துக் கடைக்காரன் ப்ளோயைப் பார்த்து “தளிகை ஆச்சா?” என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாய்லாந்து ஆற்றங்கரையில் எவன் தளிகை என்பான்? சமையலைத் தளிகை என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. தூக்கக் கலக்கத்தில் நான் எழுதிவிட்டுத் திருத்த மறந்த வார்த்தை. பார்க்கப் பார்க்க, என் புள்ளிகள், என் எழுத்துப் பிழைகள். கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த எவனோ என் ஃபைலை அப்படியே தூக்கிக் கொடுத்துக் கூலி வாங்கியிருக்கிறான்.

அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. போனைப் பிடுங்கலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அந்த நான்கு வினாடி வந்தது. ‘உன்னால எனக்கு ஒரு குறையும் இல்லடா கண்ணு.’

ஜெஸிமா நிறுத்தினாள். திரையை என் பக்கம் திருப்பினாள்.

“பாத்தீங்களாக்கா! கம்பெனிக்காரங்களும் இதையேதான் போட்டிருக்காங்க. அப்ப அந்தம்மா நிஜமாவே அப்படித்தான் சொல்லியிருக்காங்க. கட்டின காசுக்கு இது ஒண்ணே போதும்.”

பாலத்தில் ஸ்கூட்டர் ஓட்டி வரும்போது வழி முழுக்க வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மதுசூதனிடம் கொட்டினேன். “அது என் எழுத்து, ஏன்னா! ஒரு வார்த்தை கேட்டானா?”

அவர் பேப்பரை மடித்து வைத்தார். “நீ அவாளைக் கேட்டியோ? நீ எடுத்தா சேவை, அவா எடுத்தா திருட்டாடி?”

எரிச்சலாக வந்தது. மனுஷர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததால் இன்னும் எரிச்சலாக வந்தது. ஆனால் என்னைத் திருடினதுகூட இரண்டாம் பட்சம் என்பது ராத்திரிச் சாப்பாட்டுக்குள் தெரிந்துவிட்டது. சானலில் இருந்தவரைக்கும் அது என் புளுகு. இப்போது அது காசு கட்டிப் பார்க்கிற சரக்கில் ஏறிவிட்டது. இனி தமிழில் பார்க்கிற எவருக்கும் அதுதான் அந்த அம்மா சொன்னது. ஜெஸிமாவுக்கோ, அவளுடைய சொந்த அம்மா சொன்னதும் அதுதான்.

சரி, அந்த அம்மா உண்மையில் என்னதான் சொன்னாள்? அதுவே எனக்குத் தெரியாதே! கதை எழுதியவரின் பக்கத்திலேயே போய், மொழிபெயர்க்கும் செயலியின் உதவியோடு கேட்டேன். இரண்டு நாள் கழித்து சியாங் மாயிலிருந்து ஒரு பெண் பதில் போட்டாள். அது எங்கள் ஊர்ப் பேச்சு, அம்மா சொல்வது இதுதான் என்று. “இது யார் வீட்டுப் பொண்ணு? பாவம், என்னை எவ்வளவு நல்லாப் பாத்துக்குது!”

பெற்ற மகளை அந்த அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அதுதான் அந்தக் காட்சி. பதினாலு வாரமும் அதை நோக்கித்தான் வந்திருக்கிறது. நான் அதை மறைத்து அதன் மேல் சர்க்கரைப் பாகை ஊற்றிவிட்டேன். வெட்கமாக இருந்தது, உடம்பெல்லாம் கூசுகிற வெட்கம்.

அன்றைக்கே நானும் சந்தா கட்டினேன். கம்பெனிக்கு ஒரு மெயில் எழுதினேன். நான் இன்னார், இந்தப் பெயரில் உங்கள் நாடகத்தைத் திருட்டுத்தனமாகப் போட்டு வந்தவள், நீங்கள் ஓட்டுகிற தமிழ் சப்டைட்டில் என்னுடையது, அதில் பதினான்காம் எபிசோடில் ஒரு வரி பொய், உண்மையான வரி இது, உடனே மாற்ற வேண்டும். வழக்குப் போடுவார்களோ என்னவோ. போட்டால் போடட்டும். எழுதி முடித்தேனே தவிர, அனுப்பவில்லை. ஜெஸிமா ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த எபிசோடைத் திறந்து, வரி மாறியிருப்பதைத் தானாகப் பார்க்கக்கூடாது. முதலில் என் வாயால் கேட்க வேண்டும். அதற்கு அவள் என் முகத்தில் விழிக்காமல் போனாலும் சரி.

சானலை மூடிவிட்டுத்தான் கிளம்பினேன். இனி காசு கட்டிப் பாருங்கள் என்று நாலு வரியும் எழுதிப் போட்டேன், அந்தப் பொய் வரியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. “திடீர் யோக்கியம்” என்பதில் ஆரம்பித்து அச்சிலேற்ற முடியாதது வரைக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மதியம் இரண்டரை மணிக்கு மருந்துக் கவுன்ட்டரில் கூட்டம் குறையும். போய் நின்று, ஒன்றையும் மழுப்பாமல் சொன்னேன். நானாக எழுதின வரி. கம்பெனிக்காரர்கள் என்னிடமிருந்து எடுத்தது. மாற்றச் சொல்லி அவர்களுக்கு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த அம்மா சொன்னது வேறு. இதைத்தான் சொன்னாள் என்று சியாங் மாய்ப் பெண்ணின் பதிலைப் படித்தும் காட்டினேன். மருந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டவளின் கை, அந்தப் பதிலைப் படித்ததும் நின்றுவிட்டது.

“அன்னைக்கு நான் கேட்டப்ப ஆமான்னு சொன்னீங்களேக்கா.”

“சொன்னேன். தப்பு ஜெஸிமா.”

ஒரு பெரியவர் சீட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் நிற்பதைப் பார்த்தும் திரும்பி வரவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கேன்டீனில் நான் உட்கார்ந்தால் அவள் எழுந்துகொண்டாள். இருபது தடவையாவது அந்த மெயிலை அழித்துவிடலாமா என்று நினைத்தேன். அழித்தால் அவளிடம் மறுபடியும் ஒரு பொய் சொன்னதாகத்தான் ஆகும். வைத்திருந்தேன்.

நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்கே வந்தாள். கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“எனக்குப் புரியலன்னு சொன்னேன்ல, அது பொய்க்கா” என்றாள். “எங்கம்மா சொன்னது நல்லாவே புரிஞ்சுச்சு. கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘நீங்க யாரு பெத்த புள்ளம்மா? எனக்காக இவ்வளவு கஷ்டப்படுறீங்களே’ன்னு கேட்டாங்க. என்னைய. வாங்க போங்கன்னு. பொறந்ததுலேர்ந்து வாடி போடின்னு கூப்பிட்ட வாயி.”

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

“யார்கிட்டயும் சொல்லல. எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாத மக உலகத்துலயே நான் ஒருத்திதான்னு நெனச்சேன். கேவலமா இருந்துச்சு. நீங்க எழுதினதைப் படிச்சதும், இதுதான் நடந்துச்சுன்னு நானே மாத்தி வச்சுக்கிட்டேன்.” துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். “இப்பப் பாத்தா, அந்த ரைட்டரம்மா அப்படியே எழுதி வச்சிருக்காங்க. அவங்களுக்கும் யாரோ சொல்லியிருக்கணும், இல்லாட்டி எப்படி எழுத முடியும்? என்னை மாதிரி இன்னொருத்தி இருக்கா. அது எனக்குத் தெரியாமப் பண்ணிட்டீங்களேக்கா.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை.

“மெயிலை அனுப்பிட்டீங்களா?”

“இல்ல.”

“அனுப்புங்க. அது கூட என் பேர்ல தனியா ஒண்ணு அடிங்க. நான் காசு கட்டிப் பாக்குறவ, கேக்குறதுக்கு எனக்கு உரிமை இருக்கு.”

கீபோர்டை இழுத்து, ‘பெருமதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான கவனத்திற்கு’ என்று ஆரம்பித்தேன். திரையை எட்டிப் பார்த்தாள்.

“அதெல்லாம் வேணாம். நான் சொல்றதை மட்டும் அடிங்க.”

அழித்தேன். அவள் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“அந்தம்மாவுக்கு மகளை அடையாளம் தெரியல. தெரிஞ்ச மாதிரி போட்டிருக்கீங்க, அதை எடுத்துருங்க. தெரியாமலேதான் பாராட்டுனாங்க. எங்கம்மாவும் அப்படித்தான்.”

கடைசி இரண்டு வார்த்தை புகார்க் கடிதத்துக்குத் தேவையா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை, அடித்தேன். இரண்டு மெயிலையும் அவளே அனுப்பினாள்.