அம்பலத்துக்கு யார் தண்டம் போடுவது?

குருந்தப்பட்டிக் கண்மாய்க் கரையில் அன்று காலை நின்ற கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடேயப்பா! வைகாசி வெயில் ஏறுமுன்பே வடகரையில் இருநூறு பேர், தென்கரையில் இருநூறு பேர். ஆளுக்கொரு ஊத்தா. மூங்கில் சிம்பில் பின்னிய, அடியும் தலையும் திறந்த கூடை அது. தண்ணீரில் அமுக்கி, உள்ளே துள்ளுவதை மேல்வாய் வழியாகக் கைவிட்டு எடுக்க வேண்டும். வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் மீன்பிடி. தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றிவிட்டது. விரால்கள் முதுகைக் காட்டிப் புரளுவது கரையிலிருந்தே தெரிந்தது. நின்றவர்களில் பாதிப் பேருக்கு மனசுக்குள் குழம்பே கொதித்துக்கொண்டிருந்தது.

ஆனாலும் ஒருத்தர் கால்கூட நனையவில்லை. வெள்ளை விழ வேண்டும். ஊர்த் தலைவரான அம்பலம் பிடாரி கோயிலில் பூசை முடித்துப் புது வெள்ளைத்துண்டை வாங்கி வந்து, வடகரை மதகின்மேல் ஏறி நின்று, தலைக்குமேல் சுழற்றி வீசுவார். அதுதான் வெள்ளை விழுவது. அதற்கு முன்னால் முதல் கால் வைத்தவனுக்குத் தண்டம் உண்டு. பிடித்த மீன் பறிபோகும். ஊத்தாவைக் கரையில் போட்டு மிதித்து உடைப்பார்கள். மூன்று வருடம் அவன் வீட்டில் ஒருவரும் மீன்பிடிக்கு இறங்கக் கூடாது. தண்டத்தைச் சொல்கிற வாயும் அம்பலத்தின் வாய்தான்.

அந்த வருடத்து அம்பலம் வெள்ளைச்சாமி. முப்பத்தொரு வயது. தை மாதம் அப்பா கண்ணை மூடியதும் இவன் தலையில் வந்து விழுந்த பதவி. இதுதான் அவனுக்கு முதல் வெள்ளை. புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, இனிமேல் அம்பலம் கிம்பலம் எல்லாம் எதற்கு என்று டீக்கடையில் பேசிக்கொள்வது அவன் காதுக்கும் வந்திருந்தது. அதனாலேயே இன்றைக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாது என்று உறுதியாக இருந்தான்.

குறை அங்கேதான் வந்து உட்கார்ந்தது. வெள்ளைத்துண்டு கையிலேயே சுருண்டிருக்க வேண்டும், தோளுக்கு ஏறக் கூடாது. அது முறை. அப்பா நெட்டை ஆள், மதகுக் கல்லில் ஒரே எட்டில் ஏறிவிடுவார். வெள்ளைச்சாமிக்கு எட்டவில்லை. இரண்டு கையாலும் கல்லைப் பிடித்தால்தான் ஏற முடியும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். ஏறி நின்றதும் நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. இத்தனை வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? கை தானாகத் தோளுக்குப் போனது. துண்டை எடுத்து, படாரென்று ஒரு உதறு உதறி, முகத்தைத் துடைத்தான்.

"விழுந்திருச்சுடோய்!"

மதகுக்கு நேர் கீழே நின்ற பெரியகருப்பன்தான் முதலில் பாய்ந்தான். அவன் பின்னால் வடகரை மொத்தமும் தண்ணீருக்குள் விழுந்தது. ஐயோ, என்ன கூச்சல்! என்ன குலவை! சேறு தென்னை உயரத்துக்குத் தெறித்தது. வெள்ளைச்சாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முகத்தில் துண்டோடு அப்படியே நின்றுவிட்டான். தென்கரை தூரம், துண்டு தலைக்குமேல் சுழன்றால்தான் அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் இன்னும் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். இருநூறு பேரைத் திரும்பக் கூப்பிடுவதா? எப்படி? வடகரைக்காரர்கள் ஆளுக்கு நாலைந்து விரால் எடுத்துப் பறிக்கூடையில் போட்ட பிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது. அவசர அவசரமாகத் துண்டைத் தலைக்குமேல் சுழற்றினான். தென்கரை அப்போதுதான் இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் இரண்டு கரை ஆட்களும் நடுவில் சந்தித்தார்கள். வடகரைப் பறிகள் நிறைந்திருந்தன. தென்கரைப் பறிகளில் கெண்டைக் குஞ்சுதான் கிடந்தது.

"வெள்ளை விழுகுறதுக்கு முன்னாடி எறங்கிட்டாங்கடா! எங் கண்ணால பாத்தேன்!" என்று தென்கரையில் ஒருத்தன் கத்த, வடகரையில் இன்னொருத்தன் ஊத்தாவை ஓங்க, பறையடிக்கும் தப்புக்காரர் ஓடிவந்து தப்பை முழக்கி எல்லோரையும் கரையேற்றினார். மீன்பிடி பாதியில் நின்றது. நானூறு பேரும் சேறும் சகதியுமாக மதகைச் சுற்றி நின்றார்கள். முதல் கால் வைத்தது பெரியகருப்பன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வெள்ளை விழுந்த பிறகு வைத்தானா, முன்னால் வைத்தானா என்பதுதான் வழக்கு.

பெரியகருப்பன் கூலிக்கு ஏர் ஓட்டுகிறவன். அவனும் அவன் பெண்சாதி கண்ணாத்தாளும் முன்னால் வந்து நின்றார்கள். அவனுக்குப் பயமே இல்லை.

"அம்பலம் துண்ட ஒதறுனாங்க, நான் எறங்குனேன். அவுகளே சொல்லட்டுமே," என்றான்.

வெள்ளைச்சாமி வாயைத் திறக்கப் போனான். அதற்குள் அவன் மாமனார் சேவுகன் காதோரம் வந்துவிட்டார். விவரமான மனிதர், கோர்ட்டுக் கச்சேரி பார்த்தவர்.

"மாப்ளே, ஒளறிடாதீக. வேர்வையத் தொடச்சேன்னு சொன்னீகன்னா இன்னையோட அம்பலம் போச்சு. நாளைக்கு மடைத் தண்ணிக்கு வெட்டுக்குத்து வந்தா ஒங்க பேச்ச எவன் கேப்பான்? ஊருன்னா ஒரு வாக்கு வேணும். அந்த வாக்குத் தாழாம இருக்க ஒருத்தன் மூணு வருசம் கரையில நின்டா என்ன கொறஞ்சுபோகும்? அங்கிட்டு ராசாவே போயிட்டாரு. இங்கிட்டு நீங்களும் போகணுமா?"

பேச்சில் ஓட்டை இருப்பதாக வெள்ளைச்சாமிக்குத் தெரியவில்லை. ஊர் ஒழுங்கு ஒரு தட்டில், ஒருத்தன் ஊத்தா ஒரு தட்டில். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மொதக் கால் வச்சது பெரியகருப்பன்தான்," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. கெட்டிக்காரத்தனம்! அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு தென்கரை 'ஓ'வென்று கத்தியது. இரண்டு பேர் ஊத்தாவைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதித்தார்கள். சடசடவென்று மூங்கில் நொறுங்கியது. கண்ணாத்தாளின் இடுப்பிலிருந்த பறியைப் பறித்துக் கவிழ்த்தார்கள். ஐந்து விரால் மண்ணில் விழுந்து துடித்தது.

பெரியகருப்பன் சண்டை போடுவான், மண்ணை வாரித் தூற்றுவான் என்று வெள்ளைச்சாமி எதிர்பார்த்திருந்தான். அவன் ஒன்றுமே செய்யவில்லை. நொறுங்கிய ஊத்தாவைப் பார்த்தான், மதகைப் பார்த்தான், பிறகு பெண்சாதியிடம் திரும்பினான்.

"அம்பலம் பொய் சொல்ல மாட்டாக, கண்ணாத்தா. எங் கண்ணுதான் கெட்டுப்போச்சு போல. வெயில்ல எதையோ பாத்துட்டு எறங்கிப்புட்டேன்," என்றான்.

சொல்லிவிட்டுக் கண்ணைக் கசக்கி, மறுபடி மதகைப் பார்த்தான். நிஜமாகவே தன் கண்ணைச் சோதித்துப் பார்த்தான் ஐயா, அந்த மனுசன்! மீனைப் பறித்தது போகட்டும், ஊத்தாவை உடைத்தது போகட்டும், பார்த்த கண்ணையே ஒருத்தன் நம்பாமல் போகும்படி செய்துவிட்டோமே என்று வெள்ளைச்சாமியை வெட்கம் பிடுங்கித் தின்றது. மாமனாரின் தட்டில் இது ஏறவே இல்லையே!

"நிறுத்துங்கடா!" என்று கத்தினான். குரல் கீச்சென்று போனது. "பெரியகருப்பா, ஒங் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. நீ பாத்தது நெசம். நான்தான் துண்ட ஒதறுனேன். வெள்ள வீசுறதுக்கு இல்ல. வேர்வையத் தொடைக்க!"

கூட்டத்தில் எங்கேயோ ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். "எரநூறு பேர எறக்கிவிட்டது அம்பலத்து நெத்தி வேர்வையாடா!" என்றான். அவ்வளவுதான், கரை முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்குமுன்பே கோபம் கிளம்பியது. அப்போதே ஏன் சொல்லவில்லை என்று நாலாப்பக்கமும் கேட்டார்கள். சேவுகன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தப்பு எம்மேல. எனக்கே தண்டம் போட்டுக்கிறேன். மூணு வருசம் நானும் கம்மாயில எறங்கல," என்றான் வெள்ளைச்சாமி.

"நீங்க என்னைக்கு எறங்கியிருக்கீங்க, எறங்காம இருக்குறதுக்கு?"

கேட்டது தென்கரைப் பிச்சையம்மாள். வெற்றிலை வியாபாரம் செய்கிற பெண்பிள்ளை, கறம்பக்குடிச் சந்தைவரை குரல் பிரசித்தம். கேள்வி நியாயம்தானே! அம்பலம் கண்மாயில் இறங்குவதே இல்லை. வீட்டுக்கு ஒரு பெரிய விரால் என்று அம்பல மீன் வாசலுக்கு வந்து சேர்ந்துவிடும். மற்றவனை வாட்டுகிற தண்டம் அவனுக்கு உறைக்கவே உறைக்காது. வெள்ளைச்சாமிக்கு முகம் தொங்கிப்போனது.

சேவுகன் விடவில்லை. "தண்டம் போடுறது அம்பலம். அம்பலத்துக்கு யாரு தண்டம் போடுறது? அப்படி ஒரு மொறையே கெடையாதே!" என்றார்.

"இதுல என்னங்க கம்பசூத்திரம் இருக்கு? ஊருக்கு ஒருத்தர் போடும்போது, ஒருத்தருக்கு ஊர் போடக் கூடாதா?" என்றாள் பிச்சையம்மாள்.

அடடா, அதற்குப் பிறகு பாருங்கள்! இதுவரை கரையில் வாய் திறக்காதவர்கள் எல்லாம் பேசினார்கள். பெண்கள் பேசினார்கள். ஒரே நேரத்தில் நாற்பது பேர் பேசினார்கள். அம்பலத்தையே மாற்ற வேண்டும் என்றான் ஒருத்தன். அவராகத்தானே ஒப்புக்கொண்டார் என்றான் இன்னொருத்தன். ஒப்புக்கொண்டது ஊத்தா நொறுங்கின பிறகுதானே என்று கண்ணாத்தாள் வெடுக்கென்று கேட்டாள். வெள்ளைச்சாமி குற்றவாளியாக நின்றான். ஆனாலும் உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு. இந்தச் சனங்களுக்கு இவ்வளவு யோசனை இருக்கிறதா? இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தார்கள்?

கடைசியில் கை தூக்கி முடிவு செய்தார்கள். பெரியகருப்பனுக்குத் தண்டம் இல்லை. இதுவரை பிடித்த மீனெல்லாம் ஒன்றாகக் கொட்டி, வீட்டுக்கு ஒரு கூறு. அம்பல மீன் இனிமேல் கிடையாது. அம்பலத்துக்கு மீன் வேண்டுமென்றால் எல்லோரையும் போலச் சேற்றில் இறங்கிப் பிடிக்கட்டும். வெள்ளை ஒரு கையில் இருந்தால் ஒரு வேர்வையில் போய்விடுகிறது, ஆகையால் இரண்டு கரையிலும் இரண்டு வெள்ளை. இரண்டும் தலைக்குமேல் ஏறினால்தான் கால் வைக்கலாம். தென்கரை வெள்ளை யார் கைக்கு? அதைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

நடுப்பள்ளத்தில் இன்னும் மீன் கிடந்தது. நானூறு பேரும் அவரவர் கரைக்குத் திரும்பினார்கள். வெள்ளைச்சாமி மதகின்மேல் ஏறித் துண்டைச் சுழற்றினான். ஒருத்தரும் அசையவில்லை. அவனுடைய கரைக்காரர்களே அவனைப் பார்க்கவில்லை, தென்கரையைப் பார்த்தார்கள். பிச்சையம்மாள் நிதானமாக முந்தானையைச் செருகினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். இன்னொருத்தர் கைக்காகக் காத்து நிற்பது எப்படியிருக்கும் என்று வெள்ளைச்சாமிக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு அவள் வெள்ளை ஏறியது.

ஆகா! கண்மாயே எழுந்து நின்றது போல ஒரு சத்தம். வெள்ளைச்சாமி மதகிலிருந்து குதித்து ஓடினான். அவனிடம் ஊத்தாவும் இல்லை, பழக்கமும் இல்லை. சேற்றுக்குள் கையைத் துழாவியதுமே கெளுத்தி முள் விரலில் ஏறியது. "ஆத்தாடி!" என்று துள்ளினான். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வலியோடு அவனும் சிரித்தான்.

பெரியகருப்பன் மட்டும் சிரிக்கவில்லை. யாரிடமோ இரவல் ஊத்தா வாங்கிக்கொண்டு நாலடி தள்ளி நின்றிருந்தான். வெள்ளைச்சாமி அவன் பக்கத்தில் போனான்.

"ஒனக்கு ஒரு புது ஊத்தா தாரேன், பெரியகருப்பா," என்றான்.

"ஊத்தா கெடக்கட்டும் அம்பலம். நானே பின்னிக்கிடுவேன்." பெரியகருப்பன் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க சொன்னதும் எங் கண்ணையே நான் நம்பல பாருங்க. இனிமே நீங்க என்ன சொன்னாலும் நானும் ஒருக்காப் பாத்துக்கிடுவேன். கோவிச்சுக்கிடாதீக."

"பாத்துக்கப்பா," என்றான் வெள்ளைச்சாமி.

பெரியகருப்பன் தலையாட்டிவிட்டு ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு அங்கிட்டுப் போய்விட்டான். வெள்ளைச்சாமியின் விரல் விண்விண்ணென்று தெறித்தது. அதை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, மறுபடி சேற்றுக்குள் கையை விட்டான்.