விமானிக்குப் பக்கத்து சீட்

பஸ்ஸில் போவதென்றால் நான் வரவே மாட்டேன் என்று தையல்காரி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். பஸ் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் கட்டின புருஷன் மேல்தான்.

அவர் நெடுந்தூரப் பஸ் ஓட்டுநர். போன மாதம்தான் ஓய்வு பெற்றார். வேலையில் இருந்த காலம் முழுக்க அவருடைய வண்டி போனது ஒரே ஊருக்கு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடற்கரை ஊருக்கு. புதுசாகக் கல்யாணமான ஜோடிகளையும், லீவு விட்ட பிள்ளைகளையும், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வருகிறவர்களையும் ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டுபோய் அங்கே இறக்கிவிடுவார். பிறகு டிப்போ ஓய்வறையில் குப்புறப் படுத்துத் தூங்கி எழுந்து, சாயங்காலம் அதே வண்டியில் திரும்பிவிடுவார். ஊரில் பாதிப்பேர் கடல் பார்த்தது அவர் புண்ணியத்தில்தான். அவர் பெண்டாட்டி மட்டும் பார்க்கவில்லை. "அடுத்த லீவுல கண்டிப்பா" என்பார். அந்த அடுத்த லீவு வரும்போது வேறு எவனாவது லீவு போட்டிருப்பான், இவர் அவன் வண்டியையும் சேர்த்து ஓட்டிக்கொண்டிருப்பார்.

சரி, இப்போதாவது பஸ்ஸில் போய் வரலாமே என்றால், அவரோடு பஸ்ஸில் போனால் அவரோடு போன மாதிரியே இருக்காது. ஏறினதும் பெட்டியை மேலே வைப்பார், அவளை ஜன்னலோரம் உட்காரவைப்பார், "இதோ வந்துடறேன்" என்பார். அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் ஓட்டுகிறவர் பக்கத்தில், என்ஜின் மூடிமேல் போய் ஏறியிருப்பார். கியர், டயர், டிப்போ மேனேஜரின் அழிச்சாட்டியம் என்று ஊர் வந்து சேரும்வரை பேச்சு ஓயாது. கொழுந்தன் கல்யாணத்துக்குப் போனபோதும் அப்படித்தான் நடந்தது. காலியான சீட்டில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்து, அவள் தோளில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டே வந்தார்.

அதனால் அவள் மகளுக்கு போன் போட்டாள்.

"பிளேன்ல டிக்கெட் எடுத்துக் கொடு. அங்க ஓட்டறவங்க பக்கத்துல போய் உட்கார விடமாட்டாங்கல்ல?"

"கதவையே பூட்டிடுவாங்கம்மா."

"அப்ப அதுலயே எடு."

ஓட்டுநர் இதைக் கேட்டதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பஸ்ஸில் போனால் வழியில் நல்ல டீ கிடைக்கும் என்றார். மறுநாள், பிளேனில் காது அடைத்துக்கொள்ளும் என்றார். அதற்கு மறுநாள், யாரோ ஒரு சிநேகிதரின் மச்சானுக்குப் பிளேனில் போனதிலிருந்து முழங்கால் வலி என்றார். தையல்காரி மெஷினை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

விமான நிலையம் ஊருக்கு வெளியே, புல்வெளிக்கு நடுவில் இருந்தது. தையல்காரி கண்ணாடிச் சுவரும் நகரும் படிக்கட்டும் இருக்கும் என்று நினைத்து, தானே தைத்த புது நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் அங்கே இருந்தது தகரக் கூரை போட்ட ஒரே ஒரு கூடம். ஆறேழு நாற்காலிகள், ஒரு மின்விசிறி, ஒரு தராசு, ஒரு ஆள். அந்த ஒரே ஆள்தான் டிக்கெட்டைப் பார்த்தான். டை கட்டியிருந்தான். அப்புறம் டைக்கு மேலே ஆரஞ்சு நிற மேல்சட்டையை மாட்டிக்கொண்டு பெட்டிகளைத் தூக்கினான். அதைக் கழற்றிவிட்டு வந்து மைக்கைப் பிடித்தான்.

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு..."

"தம்பி, இங்கதானே நிக்கறோம்" என்றாள் தையல்காரி. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு மேஜைதான் இருந்தது.

"ரூல்ஸ்க்கா" என்று அவன் மைக்கிலேயே சொன்னான். கூடம் முழுக்க எதிரொலித்தது. "எல்லாரும் ஒவ்வொருத்தரா தராசுல ஏறுங்க. சின்ன பிளேன். எடை பாத்துத்தான் சீட்டு."

தையல்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊர்ப் பெண்களின் இடுப்பளவையெல்லாம் நாடா வைத்து எடுக்கிறவள் அவள். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறவர்களை "விடும்மா, அப்புறம் பட்டன் தெறிக்கும்" என்று அதட்டுகிறவள். இப்போது அவள் செருப்பைக் கழற்றினாள். கைப்பையைப் புருஷனிடம் கொடுத்தாள். மூச்சையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"கைப்பையும் சேத்துத்தான்க்கா. செருப்பையும் போட்டுக்குங்க. நீங்க அதோடதானே பறக்கப் போறீங்க?"

பின்னால் நின்ற புதுமண ஜோடி கிளுகிளுவென்று சிரித்தது. ஓட்டுநர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்த தினுசிலேயே சிரிப்பை அடக்குகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

எல்லோரும் ஏறி இறங்கின பிறகு அவன் கால்குலேட்டரைத் தட்டினான், உதட்டைப் பிதுக்கினான், இன்னொரு தடவை தட்டினான். "எடை கூடுது. ஒரு பெட்டியை இறக்கணும். உங்களோடதுதான் இருக்கறதுலயே பெரிசு சார். கவலைப்படாதீங்க, ராத்திரி பஸ்ல ஏத்தி அனுப்பிடறோம். காலையில டிப்போலேர்ந்து கொண்டுவந்து கொடுத்துடுவாங்க."

ஓட்டுநரின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "பெட்டி தனியாப் போகுமா? நான் வேணா துணைக்கு பஸ்ல வந்துடறேனே. எடையும் குறையும்."

"பெட்டிக்குத் துணையா?" என்றாள் தையல்காரி. "எனக்கு?"

அவர் பெட்டியின் கைப்பிடியை விட்டார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த ஆள் சீட்டுகளைப் பிரித்துக் கொடுத்தான். ஜோடிக்குக் கடைசி வரிசை. பல் டாக்டர் ஒருவருக்கு நடு வரிசை. தையல்காரிக்கு இரண்டாவது வரிசை. "சார், நீங்க முன்னாடி. பைலட் பக்கத்து சீட்."

தையல்காரிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "எங்க?"

"பைலட் பக்கத்துலக்கா. அந்த சீட்டு காலியா இருக்கு. வேற ஆள் இல்லைன்னா பயணியைத்தான் உட்காரவைப்போம்."

"கதவைப் பூட்டுவீங்கன்னு சொன்னாங்களே!"

"இதுல அந்தக் கதவே கிடையாதுக்கா."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "சத்தியமா நான் கேக்கல. நீயும்தானே பாத்துக்கிட்டு நிக்கறே? நான் வாயே தெறக்கல."

"தம்பி, இவரைப் பின்னாடி எங்கயாவது போடு. நான் வேணா முன்னாடி போறேன்."

"சார் பின்னாடி உட்கார்ந்தா பிளேன் தலையைத் தூக்கிடும்க்கா."

மூன்று வாரமாகத் திட்டம் போட்டு, மகளைப் பிடுங்கி எடுத்து, டிக்கெட் வாங்கி வந்ததெல்லாம் இதற்குத்தானா என்று அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பஸ்ஸிலாவது அவர் தானாக எழுந்து போவார். இங்கே கூப்பிட்டு வைத்து மரியாதை செய்கிறார்கள்!

விமானி ஒரு பெண். அவர்கள் மகள் வயதுதான் இருக்கும். நடையில் ஒரு துள்ளல். ஓட்டுநரை வலது பக்க சீட்டில் ஏற்றி, பெல்ட்டை இழுத்துப் பூட்டி, காதில் பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. எதையும் தொடக்கூடாது. கீழ பெடல் இருக்கு, காலைப் பின்னாடி இழுத்து வச்சுக்குங்க."

அவருக்கு நேர் பின்னால் தையல்காரி உட்கார்ந்தாள். இனி ஊர் வரைக்கும் கியர், டயர்தான் என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விமானம் உறுமிக்கொண்டு ஓடியது, குதித்தது, எழும்பியது. தகரக் கூடம் தீப்பெட்டியாகச் சுருங்கியது. தையல்காரி முன்பக்கம் பேச்சுச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். பேச்சே இல்லை. எட்டிப் பார்த்தாள்.

அவள் புருஷன் கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்தார். பிடரி முழுக்க வியர்வை. விமானிக்கு முன்னால் இருந்தது போலவே அவர் முன்னாலும் ஒரு ஸ்டீயரிங் இருந்தது. விமானி தன்னுடையதைத் திருப்பும்போதெல்லாம் அதுவும் தன்பாட்டுக்குத் திரும்பியது. யாரும் தொடாமல் இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது, அவர் நெஞ்சை நோக்கி நகர்ந்தது, திரும்பப் போனது. அவர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்து வைத்திருந்தார். விமானம் ஒரு மேகத்துக்குள் நுழைந்து குலுங்கியபோது, பின்னால் இழுத்து வைத்திருந்த வலது கால் வெறும் தரையை ஓங்கி மிதித்தது. பிரேக்!

தையல்காரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கக் குலுங்க சிரித்தாள். டீ, காது, முழங்கால் வலி எல்லாவற்றுக்கும் அர்த்தம் இப்போதுதான் விளங்கியது. அடப்பாவி மனுஷா, பயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

கையை நீட்டி அவர் தோளில் வைத்தாள். அவர் திரும்பவில்லை. ஆனால் தொடைக்கடியிலிருந்து ஒரு கையை உருவி, அவள் விரல்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிடித்தது பிடித்தபடி இருந்தார். அவளுக்கு விரல் மரத்துப்போனது. எடுக்கவில்லை.

மேகம் விலகியதும் கீழே மலை தெரிந்தது. மலையைச் சுற்றிச் சுற்றி, அவசரத்தில் ஓட்டுத் தையல் போட்ட மாதிரி, ஒரு கோணல்மாணலான சாலை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. பள்ளம்தான். அந்த நூல்மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது.

"இந்த வழியிலயா?" என்று அவர் காதருகே போய்க் கத்தினாள்.

அவர் தலையை லேசாகத் திருப்பிக் கீழே பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினார், முக்குக் கடைக்குப் போகிற வழியைக் கேட்டதுபோல. மோவாயால் ஒரு வளைவைச் சுட்டிக் காட்டி ஏதோ சொன்னார். அங்கே ஏதோ நடந்திருக்க வேண்டும். என்ன என்று சத்தத்தில் கேட்கவில்லை. டிபன் டப்பாவைக் கையில் கொடுத்து, "பாத்துப் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் மெஷினில் உட்கார்ந்துகொண்ட ராத்திரிகளையெல்லாம் அவள் நினைத்துக்கொண்டாள். பாத்து என்றால் எதைப் பார்த்து என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை.

கடல் திடீரென்று வந்தது. யாரோ நீலத் துணியை உதறி விரித்த மாதிரி இருந்தது. அவள் அதைப் பார்த்து முடிப்பதற்குள் விமானம் இறங்க ஆரம்பித்துவிட்டது. ஓடுபாதை நேராக நீண்டு கிடந்தது. அதன் நடுவில் ஒரு நாய் காலை நீட்டிப் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஹார்ன்!" என்று ஓட்டுநர் அலறினார். என்ஜின் இரைச்சலையும் மீறிக் கடைசி வரிசை வரை கேட்டது. "ஹார்ன் அடிம்மா! ஹார்ன் அடி!"

விமானி ஸ்டீயரிங்கை இழுத்தாள். விமானம் நாயின் தலைக்கு மேலே சீறிக்கொண்டு திரும்பவும் மேலே ஏறியது. நாய் எழுந்து, சோம்பல் முறித்து, ஓரமாக நடந்தது.

"இதுல ஹார்ன் கிடையாதுங்கய்யா!" என்று விமானியும் கத்தினாள்.

"ஹார்ன் இல்லாம எந்த மடையன் வண்டிய வெளிய விட்டான்?"

பல் டாக்டர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் ஜோடி. அப்புறம் விமானி. சிரித்துக்கொண்டே அவள் ஒரு வட்டமடித்து வந்து, எண்ணெயில் வழுக்கினது போல விமானத்தை இறக்கி நிறுத்தினாள். சிரிக்காதவர் ஒருவர்தான். அவர் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "கை நல்ல கைம்மா உனக்கு. நிறுத்தினதே தெரியல" என்றார். அவர் வாயிலிருந்து இந்தப் பாராட்டு வாங்குவதற்கு டிப்போவில் ஆட்கள் வருஷக்கணக்கில் காத்திருந்திருக்கிறார்கள். விமானிக்கு அது தெரியாது. ஆனாலும் முகம் சிவந்துபோய் சல்யூட் அடித்தாள்.

வெளியே வந்ததும் அவர் மரத்தடி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, சிநேகிதரோட மச்சானுக்கு வந்த முழங்கால் வலியா?"

"நீயே சொல்லு. கண்ணு முன்னாடி ஸ்டீயரிங் தானாத் திரும்புது. தொடக்கூடாதுங்கறா. என் எதிரிக்குக்கூட அந்த சீட்டு வேணாம்."

"முன்னாடியே பயம்னு சொல்றதுக்கென்ன?"

"சொன்னா மட்டும் நீ விட்டிருப்பியா?"

"இழுத்துக்கிட்டு வந்திருப்பேன்."

"அதான் சொல்லல." பிறகு தயங்கி, "உனக்குப் பயமா இல்லையா?" என்றார்.

"உங்க பிடரியப் பாத்துக்கிட்டு வந்ததுல எனக்குப் பயப்பட நேரமே கிடைக்கல" என்று சொல்லி அவரைக் கைகொடுத்துத் தூக்கினாள்.

மாற்றுத் துணியெல்லாம் பெட்டியில். பெட்டி நாளைக் காலையில்தான் வரும். அதற்காகக் கடலைக் காக்கவைக்க முடியாது என்று தையல்காரி சொல்லிவிட்டாள். ஹோட்டல் வாசலில் இருந்த நடைபாதைக் கடையில் அவருக்கு ஒரு அரைக்கால் சட்டை வாங்கினாள். மஞ்சள் நிறம், அதில் ஊதா நிற மீன்கள். அவர் அதைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினார். அவள் அதை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தாள். "ரெண்டு நாள் தாங்கும். அதுக்குமேல கீழ குனியாதீங்க."

கடலுக்கு எந்தப் பக்கம் போவது என்று அவள் கேட்டபோது அவர் தெருவின் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருஷம் வந்த ஊரில் அவருக்குத் தெரிந்தது டிப்போவும், அதற்கு எதிரே இருக்கிற டீக்கடையும்தான். "வாங்க" என்று அவள் முன்னால் நடந்தாள். உப்பு வாசனை எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில் நடந்தாள். இரண்டு தெரு தாண்டினதும் மணல் வந்துவிட்டது.

அலை பாதத்தில் பட்டதும் அவள் "ஐயோ" என்று பின்னால் ஓடினாள். திரும்ப வந்தாள். இன்னும் கொஞ்சம் உள்ளே போனாள். அவர் மீன்கள் போட்ட அரைக்கால் சட்டையும் வெள்ளைவெளேரென்ற கால்களுமாகக் கரையில் நின்று, எது வரைக்கும் போகலாம், யாராவது போர்டு வைத்திருக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் தேடினார்.

"போர்டாவது கீர்டாவது, வாங்க இங்க!"

அவர் வந்தார். முழங்கால் அளவு தண்ணீரில் இருவரும் கைகோத்து நின்றார்கள். ஒரு பெரிய அலை எழும்பி வந்தது. ஓட்டுநரின் வலது கால் பழக்கத்தில் மணலை ஓங்கி மிதித்தது. அலை அதையெல்லாம் மதிக்கவில்லை. இரண்டு பேரையும் வாரிச் சுருட்டிக் கரையில் உட்காரவைத்துவிட்டுப் போனது. மூக்கிலும் வாயிலும் உப்பு. புது உடுப்புக்குள் ஒரு பிடி மணல். தையல்காரி இருமி, கண்ணைத் துடைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு அவர் தோளைப் பிடித்து எழுந்தாள்.

"இன்னும் ஒரு தடவை" என்றாள்.