மன்னர் கழற்றி வைத்தவை

ஒரு பேரரசின் மானம் அதன் மன்னர் உடுத்தும் உடையில்தான் இருக்கிறது என்று ஒரு தொலைக்காட்சித் தொடரின் வரலாற்று ஆலோசகர் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த மானம் படப்பிடிப்புத் தளத்தின் பின்வாசல் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. மன்னர் அதன்மேல் டீயைக் கொட்டிவிட்டார். கருஞ்சிவப்பு வெல்வெட் மேலங்கி, ஓரமெல்லாம் வெள்ளைப் பஞ்சு. அதற்குள்ளே போடும் தங்கநிறச் சட்டைக்கு முதுகில் ஜிப்.

ஆலோசகருக்கு உண்மை தெரியும். வரலாற்றில் அந்த மன்னர் இடுப்பில் தைக்காத ஒற்றைத் துணிதான் உடுத்தினார், மேலே ஒன்றுமில்லை என்று முனைவர் பட்ட ஆய்வில் நிறுவியவரே அவர்தான். மேலங்கி பொய், சட்டை பொய், பூட்ஸ் பொய், கால்சட்டை பொய் என்று வரிசையாக உரித்துக்கொண்டே போகும் ஆய்வு. அதை அவர் மனைவி படிக்கவில்லை. பட்டம் கொடுத்தவர்களாவது படித்தார்களா என்பதும் அவருக்குச் சந்தேகம்தான். தொடரின் இயக்குநர், ஆலோசகருடைய மனைவியின் தம்பி. முதல் நாளே அவரைத் தனியே அழைத்துச் சொன்னான்:

"மாமா, நம்ம ராஜாவோட தொப்பையைப் பாத்தீங்கல்ல? அதை வீடு வீடா கொண்டுபோய்க் காட்டணுமா?"

மாமா பார்த்தார். வெல்வெட்டுக்குத் தலையாட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு பகுதியும் அவர் பெயரோடு தொடங்கியது. பெயருக்கு மேலே 'வரலாற்றுத் துல்லியம்' என்று பொன்னெழுத்தில் போட்டார்கள்.

துவைத்த மேலங்கியை, சட்டை, பூட்ஸ், கால்சட்டையோடு, உடையறையில் தலையில்லாத பொம்மைக்குப் போட்டுப் பூட்டினார்கள். மறுநாள் காலையில் அது உடையறை வாசலில் கிடந்த ஆலோசகரின் நாற்காலியில், ஓரத்தோடு ஓரம் சேர, மடித்து இருந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று சிரித்தார்கள். அடுத்த நாள் சட்டை. அதற்கடுத்த நாள் பூட்ஸ், ஜோடியாக, நாற்காலியைப் பார்த்தபடி. ஆலோசகர் குனிந்து ஒன்றுக்குள் கைவிட்டார். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் காலை உருவியதுபோல. பொம்மைக்குக் கால் கிடையாது, கம்பிதான். அவரை அதைவிடக் கலக்கியது அந்த வரிசை. அவர் எழுதிய அதே வரிசை. அந்த ஆய்வை யாரோ ஒருவர் கடைசியில் படித்துவிட்டார்.

உடையறைச் சாவி ஒன்றுதான். அதை வைத்திருந்தவர் உடைகளுக்குப் பொறுப்பான பெண், தளத்தில் எல்லோருக்கும் அக்கா. நாளைக்கு இன்னொன்று கழன்றால் நீங்கள் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று இயக்குநர் அக்காவிடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். வீட்டில் சம்பாதிப்பவர் அக்கா ஒருவர்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அக்கா ஆலோசகரிடம் வந்தார்.

"சார், பூட்டு போட்டபடியே இருக்கு. ஜன்னல்கூட இல்லாத ரூம். திருடன்னா தூக்கிட்டுப் போவான், இப்படியா இஸ்திரி போட்ட மாதிரி மடிச்சு வைப்பான்? அதுவும் உங்க நாற்காலியில?"

"எனக்கென்னம்மா தெரியும்."

"பொய் சொன்னா உங்க காது ஆடுது சார்."

அவர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் பூட்டைத் திறந்தபோது எல்லோரும் கூடியிருந்தார்கள். கால்சட்டை வாசல் நாற்காலியில் மடித்திருந்தது. பொம்மையின் இடுப்பில் ஒரு துணி. பழுப்பு நிறம், முரட்டு நெசவு, எங்கும் தையல் இல்லை. அப்படியொரு துணி அந்த அறையில் இருந்ததே இல்லை. முடிச்சு இடப்பக்கம் விழுந்திருந்தது. ஆய்வில் அவர் வலப்பக்கம் என்று எழுதியிருந்தார். பார்த்ததுமே அவருக்குத் தெரிந்தது, இடப்பக்கம்தான் சரி.

"இதை நான் கட்டலை," என்றார் அக்கா. அவர் கத்திரியையும் அளவு நாடாவையும் பைக்குள் வைக்க ஆரம்பித்தார்.

"மாமா, நீங்களே சொல்லுங்க," என்றான் இயக்குநர். "இந்தக் கோமணத்துக்கும் நம்ம ராஜாவுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? இது அக்கா பண்ணின வேலைதானே?"

இதுதான் சரி என்று ஒரு வார்த்தை போதும். இதுவரை ஒளிபரப்பான அத்தனையும் பொய்யாகும், பொன்னெழுத்து போகும், அக்கா பையைக் கீழே வைப்பார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சம்பந்தமும் இல்லை," என்றார் ஆலோசகர். "ஆதாரமே இல்லாத உடை."

பின்கழுத்தில் ஏதோ குளிர்ந்தது. பேட்டிகளுக்கென்றே தைத்த, கழுத்துவரை மூடிய கறுப்புக் கோட்டின் மேல் பொத்தான் தானாகக் கழன்றது. அவர் அதைப் பிடிப்பதற்குள் அடுத்தது. அவசரமில்லாத, பழகிய விரல்கள். துணி தோளிலிருந்து மெல்ல இறங்கியது. கைகளை அவர் தூக்கிக் கொடுத்தார், குழந்தை கொடுப்பதுபோல, ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. பின்னால் நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. கோட்டு கால்சட்டையின்மேல் ஓரத்தோடு ஓரம் சேர மடிந்து கிடந்தது.

அக்காவின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. இடுப்புப் பட்டையின் கொக்கியைக் குளிர் தொட்டது, அவருடைய அடுத்த பதிலுக்குக் காத்திருப்பதுபோல அங்கேயே நின்றது.

"மாமா?" என்றான் இயக்குநர்.

ஆலோசகர் வாயைத் திறந்தார்.

கோட்டுக்குள் அவர் சட்டை போடும் வழக்கமில்லை. பனியனில் முதுகுப் பக்கம் இரண்டு ஓட்டைகள் இருந்தன.