மெதுவாக மிதித்தவள்

பிரேக் விஷயத்தில் என்னிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக எங்கள் மெக்கானிக் ஷெட்டில் நான் வைத்ததுதான் சட்டம். வண்டியை எடுத்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால், இறங்குவதற்குள் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். இந்தத் தலைக்கனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இல்லாவிட்டால் என் அக்காவுக்கு நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

அக்காவுக்கு முட்டை வியாபாரம். பழைய பிக்கப் வண்டி, பின்னால் தட்டுத் தட்டாக முட்டை. காலை ஐந்தரைக்குப் பண்ணையில் ஏற்றினால் பத்து மணிக்குள் கடைகள், பேக்கரிகள், ஒரு ஆஸ்பத்திரி சமையலறை என்று இறக்கி முடித்துவிடுவாள். பதினோரு வருடமாக அவளேதான் ஓட்டுகிறாள். மாமாவுக்கு அச்சகத்தில் வேலை. அவருக்கு ஸ்டீயரிங் பிடிக்கக்கூடத் தெரியாது.

மூன்று மாதத்துக்கு முன் அந்த வண்டிக்கு பிரேக் லைனிங் மாற்றி, பிரேக் ஆயில் மாற்றிக் கொடுத்தது நான்தான். இரண்டு வாரம் கழித்து அக்கா ஷெட்டுக்கு வந்தாள்.

"டேய், பெடல் ஒரு மாதிரியா இருக்குடா. ஒரு நேரம் மேலயே நிக்குது, ஒரு நேரம் கால் வச்சா அப்படியே உள்ள போகுது."

"எப்ப போகுது?"

"அதான் பிடிபடல. சிக்னல்ல நிக்கும்போது போகுது. எடுத்துட்டு மறுபடி மிதிச்சா நல்லாத்தான் இருக்கு."

ஆயில் மட்டம் பார்த்தேன், சொட்டுகூடக் குறையவில்லை. நான்கு சக்கரத்திலும் கசிவு இல்லை. வெளியே எடுத்துப் போய் ஐம்பதில் விரட்டி, ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். வண்டி அறைந்தாற்போல் நின்றது. திரும்பி வந்து, டிங்கர், பெயின்டர், காத்திருந்த இரண்டு டிரைவர்கள் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"அக்கா, நீ பிரேக் மிதிக்கல. பெடலைத் தாலாட்டுற. வண்டி தூங்கிடுது, வேற ஒண்ணும் இல்ல."

ஷெட்டே சிரித்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தாள். முட்டை ஏற்றுகிறவள் பின்னே எப்படி மிதிப்பாள் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

மூன்று வாரம் போனதும் மறுபடி வந்தாள். மறுபடி அதே ஓட்டம், அதே ஓங்கிய மிதி, அதே பதில். இந்த முறை நான் கேலி செய்யவில்லை, எரிந்து விழுந்தேன்.

"வண்டி சரியா இருக்குன்னா இருக்கு. இத்தனை வருஷம் நான் இங்க என்ன புல்லு புடுங்கிட்டா இருந்தேன்?"

"சரிடா, கோவிச்சுக்காத. எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு போல" என்றாள்.

இல்லை அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அடுத்த வண்டி நின்றுகொண்டிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை, இறக்கமான ஒரு நாற்சந்தியில், நின்றுகொண்டிருந்த காரின் பின்னால் அவள் வண்டி உருண்டு போய் இடித்தது. யாருக்கும் அடி இல்லை. கார்க்காரன் நடுத்தெருவில் அரை மணி நேரம் கத்தியிருக்கிறான். அக்கா கை கட்டிக்கொண்டு, 'என் தப்புதான் சார், என் தப்புதான் சார்' என்று நின்றிருக்கிறாள். அன்றைக்கே மாமா சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தார்.

"இனிமே அவ ஓட்ட வேண்டாம்ப்பா. வண்டியில குறை இல்லன்னு நீயே ரெண்டு தடவை சொல்லிட்ட. அப்ப ஆள் மேலதானே குறை? வண்டியை வித்துடலாம். நீ முன்பக்கத்தை மட்டும் நிமித்திக் கொடு."

"ஆமா மாமா, அதான் நல்லது" என்றேன். பதினோரு வருட வியாபாரத்தை அந்த ஒரு வரியில் முடித்து வைத்தேன்.

வியாழன் மதியம் டிங்கர் பம்பரை நிமிர்த்தி மாட்டிவிட்டு, வாசல் தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்து, கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டீயரிங்கில் இருந்தேன்.

"ரெண்டு விரக்கடை முன்னால வா. மெதுவா, மெதுவா. போதும்."

எதிரில் ஒரு மனிதன் முழங்காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது யாரும் ஓங்கி மிதிக்க மாட்டார்கள். நானும் பூப்போல மிதித்து நிறுத்தினேன். நின்றது. காலை அப்படியே வைத்திருந்தேன். என் காலுக்கடியில் பெடல் மெல்ல இறங்க ஆரம்பித்தது. ஷெட்டின் தரை வாசல் பக்கம் சரிவு. வண்டி நகர்ந்தது.

"யோவ்! யோவ்!"

ஓங்கி மிதித்தேன். நின்றுவிட்டது. டிங்கர் துள்ளி எழுந்து என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். மெதுவாக மிதித்தால் தரை வரை போனது. வெடுக்கென்று மிதித்தால் மேலேயே நின்றது. பத்துத் தடவை செய்து பார்த்தேன், பத்துத் தடவையும் அப்படியே.

பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அதற்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது. வாஷர் கிழிந்திருந்தாலும், வேகமாக மிதித்தால் அது விரிந்து அடைத்துக்கொள்ளும். மெதுவாக மிதித்தால் ஆயில் அதன் ஓரமாக நழுவித் தன் தொட்டிக்கே திரும்பிவிடும். வெளியே கசியாது, மட்டமும் குறையாது. இது எனக்குத் தெரியாத பாடம் இல்லை. ஆனால் அக்கா ஓட்டுகிற மாதிரி நான் அந்த வண்டியை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை.

சிலிண்டரைக் கழற்றிப் பிரித்ததும் அதைவிட மோசமான ஒன்று தெரிந்தது. உள்ளே, வழக்கமான மிதியில் வாஷர் எட்டாத அடிப்பகுதியில், துரு கட்டியிருந்தது. வாஷர் அந்தத் துருவில் உரசித்தான் கிழிந்திருந்தது. ஆயில் மாற்றினால் குழாயில் சிக்கும் காற்றைப் பெடல் மிதித்து வெளியேற்ற வேண்டும், ஏர் எடுப்பது என்போம். பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதிக்கக் கூடாது, அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்துப் பாதி வரைதான் மிதிக்க வேண்டும். இதை மற்றவர்களுக்குத் தொண்டை கிழியச் சொல்கிறவன் நான். லைனிங் மாற்றிய அன்றைக்கு டி.வி.யில் மேட்ச். சீக்கிரம் கிளம்பும் அவசரத்தில், கட்டையைத் தேடாமல் தரை வரை மிதித்து மிதித்து ஏர் எடுத்தேன்.

"என்னவாம்?" என்றார் டிங்கர்.

"வாஷர் போயிடுச்சு."

"பழைய வண்டிதானே, போகத்தான் செய்யும்."

"ஆமா" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை என்பது இப்போதும் கூசுகிறது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் அந்த 'பழைய வண்டி'யையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். முன்னறையில் அக்கா காலித் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமா நாற்காலியில் இருந்தார். பிரேக்கில்தான் கோளாறு என்றதும் மாமாவே எனக்கு வழி விட்டார்.

"வயசான வண்டி. நீ என்ன பண்ணுவ?"

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல மாமா. நான்தான் கெடுத்தேன். லைனிங் மாத்தின அன்னிக்கு அவசரத்துல தப்பா மிதிச்சேன். அப்புறம் ரெண்டு தடவை அக்கா வந்து சொல்லியும் சரியா பாக்கல."

மாமா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். அக்கா நன்றாகத் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப பெடல் நிஜமாவே உள்ள போச்சா?" என்று கேட்டாள்.

"போச்சுக்கா. நீ சொன்ன மாதிரியேதான்."

அவள் எழுந்து உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு ரிப்போர்ட், மூன்று அட்டை மாத்திரை. மாமாவும் அதை அப்போதுதான் பார்க்கிறார் என்பது அவர் எழுந்து நின்ற விதத்தில் தெரிந்தது.

"நீயே வண்டி சரின்னு சொல்லிட்ட. அப்ப என் கால்லதான் உணர்ச்சி போகுதுன்னு நினைச்சுட்டேன். நரம்பு டாக்டர்கிட்ட போனேன். ஊசியால குத்திப் பாத்தாங்க, வலிச்சுது. இருந்தாலும் இல்ல டாக்டர், எனக்கு உணர்ச்சி தெரியல, கால் உள்ள போற மாதிரியே இருக்குன்னு நான்தான் பிடிவாதமா சொன்னேன். ஒரு மாசமா சாப்பிடுறேன். தலை சுத்துது, வாய் கசக்குது. யாருக்கும் சொல்லல."

"ஏன்க்கா..."

"நீ சொன்னா சரியாத்தானே இருக்கும்."

அவள் முகத்தில் கோபம் துளிகூட இல்லை. நிம்மதிதான் இருந்தது. மாத்திரை அட்டையை என் பக்கம் நீட்டினாள்.

"அப்ப இதை நிறுத்திடலாமாடா?" என்று என்னைத்தான் கேட்டாள்.