வட்டியில்லாத கடல்

காலையில் எழுந்தேன். தொழுதேன். கேத்தலை அடுப்பில் வைத்தேன். பாணை வெட்டி மாஜரின் பூசினேன். நுஹாவை எழுப்பித் தலை பின்னினேன். வலது பின்னல் எப்போதும் இடதைவிட உயரமாகத்தான் வரும். அவளுக்கு ஆறு வயது. முறையிடுவதில்லை.

பள்ளிக்கூட விடுமுறை. ஆனாலும் பின்னினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"வாப்பா, கடலுக்கு எப்பப் போற?"

"இந்த லீவுக்குள்ள" என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். அன்றிலிருந்து கவுனுக்கு உள்ளே நீச்சல் உடுப்பைப் போட்டுக்கொண்டே திரிகிறாள்.

நிலாவெளிக் கடற்கரைக்கு வேன், அறை, சாப்பாடு எல்லாம் அறுபதாயிரம் ஆகும். மாத முடிவில் சம்பளமும் போனஸும் வரும். ஆனால் பள்ளிக்கூடம் அதற்கு முன்பே தொடங்கிவிடும். மூன்று வாரத்துக்குக் கடன் வேண்டும்.

நான் கண்டியில் ஓர் இரும்புக்கடையில் கணக்குப் பார்ப்பவன். மலிவான கடன் எதுவென்று மதிய இடைவேளையில் பார்த்தேன். கைபேசியில் கடன் தருகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் தருவார்கள். மூன்று வாரத்தில் பாதி சம்பளம் அவர்களுக்குப் போகும். கடனட்டையில் காசெடுப்பது அதைவிடப் பரவாயில்லை. நகை அடகு எல்லாவற்றிலும் மலிவு. வட்டி எழுநூற்றைம்பது ரூபாவோடு முடிந்துவிடும்.

நகை மாமியிடம் இருந்தது. என் மனைவி ஸக்கியாவின் உம்மா, ருக்கியா. கட்டுகஸ்தோட்டையில் எங்களோடுதான் இருக்கிறார். நகையைக் கேட்டதும் அலுமாரிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"வட்டிக் காசுல போய்க் கால நனைச்சா கடலே ஹராமாகிரும், மருமகன். பள்ளிவாசல்ல வட்டியில்லாக் கடன் குடுக்குறாங்க. கேளுங்க. கெடைக்காட்டிப் போகத் தேவல்ல."

வட்டிவீதம் பூஜ்யம். அதைவிட மலிவு கிடையாது. அஸர் தொழுகைக்குப் பிறகு போனோம். மாமியும் வந்தார்.

பள்ளிவாசல் கடன் நிதியின் செயலாளர் இன்ஷாப் ஹாஜியாருக்குப் பாலத்தடியில் பிளாஸ்டிக் கடை. நிதிக்குப் பொருளாளர் பவாஸ் நானா. கவிழ்த்த வாளி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு வாளியைக் கவிழ்த்துத் தந்தார்கள். மாமி பேசின்கள் பக்கம் நின்றார்.

"எதுக்கு மகன் காசு?"

"கடல் பாக்கப் போக."

ஹாஜியார் விரல் மடக்கினார். "வைத்தியம். படிப்பு. மையத்து அடக்கிற செலவு. கடல் இல்ல."

"மையத்துச் செலவென்டா குடுக்கலாமே" என்றார் பவாஸ் நானா. "இவர்ட பொஞ்சாதி மௌத்தானதானே."

"அது பதினொரு மாசம். அன்டைக்குக் கேட்டிருந்தா அன்டைக்கே குடுத்திருப்போம். ஏன் மகன் கேக்கல்ல?"

"அன்டைக்குக் கடலுக்குப் போற யோசன இருக்கல்ல" என்றேன்.

இருவரும் அதை நியாயமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

"புள்ளைக்குச் சளி ஈக்கா?" பவாஸ் நானா கேட்டார்.

"இல்ல."

"கண்டியில ஆருக்குச் சளி இல்ல? கொஞ்சம் இரும வைங்க. கடல்காத்து மருந்துதானே."

"இரும வெச்சாப் பொய், நானா" என்றார் ஹாஜியார்.

"அப்ப படிப்பு. மீனப் பாக்கிற படிப்பில்லையா?"

"பாக்கிறது எப்படி படிப்பாகும்?"

"எண்ணிப் பாத்தா கணக்கு."

இதற்குள் ஒரு பெண் மூடியில்லாத வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, மூடிக் காசைக் கழிக்கச் சொன்னாள். இது மூடியோடு வருகிற வாளியே இல்லை என்றார் ஹாஜியார். அப்படியென்றால் வராத மூடிக்கு ஏன் காசு எடுக்கிறீர்கள் என்றாள். அவர் ஐம்பது ரூபா குறைத்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

அவள் போனதும் ஹாஜியார் மேசையைத் தட்டினார்.

"வசியத்! மௌத்தாகிறவங்க செல்லிட்டுப் போனத நெறவேத்தக் குடுக்கலாம். அதுக்கு எடமிருக்கு. கடைசியா என்ன சென்னா?"

"புள்ளையக் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க என்டு சென்னாளே!" மாமி பேசின்களுக்கு நடுவிலிருந்து சத்தம் போட்டார்.

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"நான் ஊட்டுல, புள்ளையோட. மருமகன்டத்தான் சென்ன. கேட்டுப் பாருங்க."

"புருசன் செல்லணும்" என்றார் ஹாஜியார். "அவர் வாயால."

பவாஸ் நானா லாச்சியை இழுத்துத் திறந்து காசை எண்ணத் தொடங்கிவிட்டார். "ஓ என்டு செல்லுங்க தம்பி. நாளைக்கு வேன். ஒரு வார்த்ததானே."

மாமி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நாலைந்து தரம்.

பதினொரு மாதமாக வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவள் கடைசியாக என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். சாகும்போது சொல்லும் கலிமா என்றார்கள். பிள்ளையின் பெயர் என்றார்கள். என் பெயர் என்றும் ஒருவர் சொன்னார். என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. ஹாஜியார்தான் முதல் ஆள். அவருக்குப் பதில் தெரிய வேண்டியிருந்தது. எனக்கும் அதை ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அது இவ்வளவு நாளாக எனக்கே தெரியாது.

நுஹா நினைவுக்கு வந்தாள். அவளுடைய நீச்சல் உடுப்பும். ஓ என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"டெங்கு வார்டு" என்றேன். "பாக்கிற நேரம் முடிஞ்சி மணி அடிச்சாங்க. நான் கதிரையில இருந்து எழும்பினேன்."

"ஆ, அப்ப?"

"அப்ப சென்னா..."

பவாஸ் நானா எண்ணுவதை நிறுத்தினார்.

"கதிரைய எடுத்த எடத்துலயே வெச்சிட்டுப் போங்க. நேர்ஸ் என்னையத்தான் ஏசுவா."