எதிரணி வென்ற வெள்ளிக்கிழமை

வெள்ளைக் கையுறைக்குள் பெருவிரல் போக மறுத்தது. சாமினி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். முப்பத்தொரு வருசம் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச்சின் லீவரைப் பிடித்துப் பிடித்து வெளிப்பக்கம் வளைந்த விரல். செத்த பிறகும் யாருக்கும் பணிவதாயில்லை.

"இன்ன நங்கி, மங் கரன்னங்." இருங்கள் தங்கச்சி, நான் போடுகிறேன் என்று சிங்களத்தில் சொல்லி, பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரன் அவளை மெதுவாக விலக்கிவிட்டுத் தானே மாட்டினான். அப்பன் நிக்கலஸின் இரண்டு கைகளும் மறைந்தன. செபமாலையைச் சுற்றிவிட்டு அவன் வெளியே போனான். நாலு மணிக்கு எடுப்பு.

தோஹாவிலிருந்து தம்பி கிளைவ் போனில் அழுதான். சிக்னல் போனதும் அழுகையும் போனது.

"நித்திரையிலயே போயிட்டார். குடுத்து வைச்ச மனிசன்," என்றாள் யாரோ ஒரு பெண். ஓமென்று பத்துத் தலைகள் ஆடின. சாமினி பெட்டி விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டாள் என்பது அவளுக்கே தெரியும்.

கிளினிக் மாத்திரை வலியைப் பாதி அடக்கியது. வயிற்றை முழுதாகப் புரட்டியது. கடைசி இரண்டு மாதமும் அந்த மனிதருக்கு ஒரு வாய்க் கஞ்சி தங்கவில்லை. அந்த நாட்களில்தான் அவள் உயர்தர வகுப்புக்கு விவாதத் தலைப்புக் கொடுத்தாள்: மருத்துவத் தேவைக்குக் கஞ்சாவைச் சட்டமாக்க வேண்டும். கரும்பலகையை நடுவே கோடு கிழித்துப் பிரித்து, "பக்கம் எடுக்க முதல் ஆதாரத்தை எடுங்க. நிரூபிக்கேல்ல எண்டா பொய் எண்டு அர்த்தமில்ல, உண்மை எண்டும் அர்த்தமில்ல," என்று படிப்பித்தாள்.

பின்னேரங்களில் கட்டிலருகே இருந்து குறிப்பெழுதும்போது நிக்கலஸ் எட்டிப் பார்ப்பார்.

"உன்ர கஞ்சி இறங்குதில்ல மகள். பிள்ளைகளிட கஞ்சாவாவது இறங்குமோ?"

"பப்பா! டீச்சர் வீட்டில கதைக்கிற கதையா இது?"

"சும்மா கேட்டன். எந்தப் பக்கம் வெல்லும்?"

"வெள்ளிக்கிழமை தெரியும்."

பாடசாலையின் விவாத மணியை அவள்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டில் தலைமாட்டில் வைத்தாள். கைப்பிடி வைத்த சின்னப் பித்தளை மணி. வகுப்பில் ஒரு தட்டு என்றால் ஒரு நிமிடம் மிச்சம், இரண்டு தட்டு என்றால் நேரம் முடிந்தது. வீட்டில் ஒன்று தண்ணீருக்கு, இரண்டு வலிக்கு. முதல் கிழமை மணி ஓயவில்லை. கிரிக்கெட் ஸ்கோர் கேட்கவும் அடித்தார், சும்மாவும் அடித்தார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அடிக்கவேயில்லை. வலி குறைந்துவிட்டதென்று அவள் நினைத்தாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

"மகள்."

வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்த இராஜநாயகம். நிக்கலஸோடு ஒரே வின்ச்சில் மாறி மாறி வேலை பார்த்தவர். பிளாஸ்டிக் கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உங்களிட்டச் சொல்லாம இருக்கேலாது. எனக்கு ஒரு நாட்டு வைத்தியரைத் தெரியும். அந்த இலை சேர்த்த லேகியம் ஒண்டு அவரிட்ட இருக்கு. வலியும் குறையும், சாப்பாடும் தங்கும் எண்டவர். மெய்யோ பொய்யோ தெரியாது. கொண்டுவரட்டோ எண்டு நிக்கலஸிட்டக் கேட்டனான்."

"பப்பா என்ன சொன்னவர்?"

"'பொறு மச்சான், மகளிட வகுப்பில வெள்ளிக்கிழமை தீர்ப்பு' எண்டான். நான் பகிடி எண்டு நினைச்சன். அடுத்த கிழமை வந்தா, 'கேஸ் தோத்துட்டு மச்சான். கம்பஸ் படிச்ச பிள்ளை, அவள் சொன்னா சரியாத்தான் இருக்கும்' எண்டு சிரிக்கிறான்." அவர் கைலேஞ்சியால் முகத்தை அழுத்தினார். "வலியில வேர்த்து ஊத்துது, அவன் சிரிக்கிறான் மகள்."

சாமினி தன் பெருவிரலைப் பார்த்தாள். அதுவும் கொஞ்சம் வெளிப்பக்கம் வளைந்ததுதான்.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் மாணவி ரொஷேல்தான் ஆதரித்துப் பேசினாள். "ஏத்துமதிக்கு வளர்க்கலாமோ எண்டு யோசிக்கிற நாடு, வலியில கிடக்கிற எங்கட ஆக்களைப் பற்றி ஏன் யோசிக்கேல்ல?" எதிரணியில் அபிஷன். அவன் அண்ணன் போதைப் புனர்வாழ்வு முகாமில் இருந்தான். "மருந்தெண்டு கதவைத் திறந்தா எங்கட லேன்ல அதை ஆர் மூடுறது?" இருவரும் நன்றாகப் பேசினார்கள். ரொஷேல் இன்னும் நன்றாக. சாமினி கூட்டிய கணக்கில் ஏழு புள்ளி வித்தியாசம்.

பின்வரிசையில் இருந்த உப அதிபர் யூஜினா மிஸ் எழுந்து வந்து காதருகே குனிந்தார். "கஞ்சாப் பக்கம் வெண்டதெண்டா பெற்றோருக்கு என்ன சொல்றது சாமினி? உங்கட நியமனமும் இன்னும் நிரந்தரமாகேல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

அந்த லேனிலேயே பல்கலைக்கழகம் போன முதல் ஆள், யோசித்தாள். மூன்றை எட்டாக்குவது சுலபம். இரண்டு வளைவு போதும். எதிரணியின் புள்ளித்தாளில் இரண்டு இடத்தில் போட்டாள். எதிரணி வென்றது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்ற முன்னமே நிக்கலஸ் கேட்டார். "ஆர் வெண்டது?"

"எதிரணி."

"அப்ப சரி," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மூன்றரைக்குப் பாடசாலை வந்தது. சீருடையில் ஆறு பிள்ளைகள், ஒரு மலர்வளையம், முன்னால் யூஜினா மிஸ். பெட்டிக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டு அவளிடம் வந்து கையைப் பிடித்தார்.

"தைரியமா இருங்க. பப்பா கர்த்தரிட்ட இருக்கிறார்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த நேரத்தில கேக்கிறதுக்கு மன்னிக்கணும். அந்த மணி இங்கயா இருக்கு? செவ்வாய்க்கிழமை வலயப் போட்டி."

சாமினி எழுந்து உள்ளே போனாள். கட்டிலைச் சுவரோடு சாய்த்திருந்தார்கள். மெத்தையை யாரோ சுருட்டிக் கட்டியிருந்தார்கள். மணி ஜன்னல் விளிம்பில் இருந்தது. அதை எடுத்து வந்து ரொஷேலின் கையில் கொடுத்தாள்.

பழக்கத்தில் ரொஷேல் அதை ஒரு தட்டு ஆட்டினாள். சத்தமில்லை. மறுபடி ஆட்டினாள். கவிழ்த்துப் பார்த்தாள்.

"மிஸ், உள்ளுக்கு ஆரோ பஞ்சு அடைச்சிருக்காங்க."

கிளினிக்கில் கொடுத்த பஞ்சு. மணியின் நாக்கைச் சுற்றி இறுக்கமாக, நூல் போட்டுக் கட்டியிருந்தது. நடுங்குகிற விரல்கள் போட்ட முடிச்சு, ஒன்றல்ல, நாலைந்து. ரொஷேல் நகத்தால் அதைப் பிய்க்கத் தொடங்கினாள்.

"எடுக்காத," என்றாள் சாமினி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மணியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

"ரொஷேல், நீங்கதான் வெண்டனீங்க. ஏழு புள்ளியால. நான் மாத்திப் போட்டனான்."

"சாமினி," என்றார் யூஜினா மிஸ்.

"நீங்க சொன்னீங்க, நான் செஞ்சன். திங்கக்கிழமை எழுதித் தாறன்."

ரொஷேல் நகத்தில் ஒட்டிய பஞ்சைத் தட்டினாள். மற்றப் பிள்ளைகளோடு போய் நின்றாள். அதற்குள் பாதிரியார் வந்துவிட்டார். மலர்ச்சாலைக்காரன் மூடியைப் பொருத்தி ஆணிகளைத் திருகினான். இராஜநாயகம் முன்பக்கம் தோள் கொடுத்தார்.

லேன் முழுக்க வெள்ளைக் கொடிகள். பெட்டி போக வழிவிட்டு மூன்று திரீவீல்கள் சுவரோடு ஒட்டி நின்றன. பெட்டிக்குப் பின்னால் சாமினி நடந்தாள். அவளுக்குப் பக்கத்தில் யாரும் வரவில்லை. மணி கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அடிக்கு அடி ஆடியது. சந்திவரை ஒருதரமும் ஒலிக்கவில்லை.